கோட்டைக்குள் நிற்கும் கோபுரம்: வேலூர் ஜலகண்டேஸ்வரர் ஆலயம்

வேலூருக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வருகிறார்கள், 2007-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்காக வருபவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கோட்டை என்பது இவர்களுக்கு மிஞ்சிய நேரத்தில் பார்க்கும் இடம். இரத்தப் பரிசோதனை முடிவு மாலையில்தான் கிடைக்கும், காட்பாடியில் ரயில் இரவில்தான் என்னும்போது, விடுதிக்காரர் கைகாட்டும் திசையில் நடந்து வந்து, அகழிக் கரையில் நின்று, மதிலுக்கு மேலே தெரியும் கோபுரத்தைப் பின்னணியாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகளுக்குத் துணையாக வந்த பலரை இப்படி மாலை நேரங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் மனத்தில் இருக்கும் கவலை வேறு. ஆனால் ஊர் பார்ப்பதற்கென்றே வருபவர்களும், ஏன், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும்கூட அந்தக் கோபுரத்தை அதே தொலைவில் நிறுத்திவிடுவதுதான் எனக்கு வருத்தம். அதற்கு அரை நாள் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. ஏன் ஒதுக்க வேண்டும் என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றிய பேச்சை முடித்துவிடலாம். ஜலகண்டேஸ்வரர் ஆலயத்தின் ராஜகோபுரம் ஏழு நிலைகளைக் கொண்டது. நூறு அடியைத் தாண்டும். 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்திலேயே இருந்த திருவண்ணாமலையில் பதினொரு நிலைகளோடு 217 அடி உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கும்போது, இதை உயரத்துக்காகப் பார்க்கச் சொல்வது பொருந்தாது. இதன் தனித்தன்மை அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு ராஜகோபுரம் என்றால் அதைச் சுற்றி நான்கு மாட வீதிகள், தேரடி, பூக்கடை, பூசைச் சாமான் கடை, அர்ச்சகர்கள் குடியிருக்கும் தெரு என்று ஓர் ஊரே அமைந்திருக்கும். இங்கே அவற்றில் எதுவும் இல்லை. ஏறத்தாழ 133 ஏக்கர் பரப்புள்ள ஒரு போர்க்கோட்டைக்குள், அகழிக்கும் கருங்கல் மதிலுக்கும் உட்புறமாக, 1846-ஆம் ஆண்டைச் சேர்ந்த தூய யோவான் தேவாலயமும் ஒரு பழைய மசூதியும் அருங்காட்சியகங்களும் காவலர் பயிற்சிப் பள்ளியும் அக்கம்பக்கமாக இருக்க, அவற்றுக்கு நடுவே இந்தக் கோபுரம் நிற்கிறது. கோயிலுக்கு ஊர் அமையாமல், பட்டாளத்துக்கு நடுவே கோயில் அகப்பட்டுக்கொண்டது போன்ற தோற்றம். இதன் வரலாறும் அப்படித்தான் இருந்தது.

கோட்டையும் கோயிலும் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. விஜயநகரப் பேரரசர் சதாசிவராயரின் காலத்தில் இப்பகுதியை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் இவற்றைக் கட்டியவராகக் கருதப்படுகிறார். திம்ம ரெட்டி நாயக்கரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பொம்ம நாயக்கர் வெறும் பொம்மி. மழைநீர் சூழ்ந்த புற்றுக்குள் இருந்த லிங்கத்தைக் கனவில் கண்ட பொம்மி, அந்த இடத்தில் கோயில் எழுப்பினார் என்பது தலபுராணம். கதை அப்படி இருக்கட்டும். பொம்ம நாயக்கர் வெறும் பாளையத் தலைவர் அல்லர் என்பதற்கு ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலம் கோயிலில் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. சைவ, அத்வைத அறிஞர் அப்பைய தீட்சிதரின் சொந்த ஊர் அது. தீட்சிதருக்குச் சின்ன பொம்ம நாயக்கர் பொன்னால் நீராட்டிச் சிறப்புச் செய்ததை 1582-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. கத்தியைப் போலவே கல்வியையும் சைவத்தையும் பேணிய ஒருவர், தம் கோட்டைக்குள் வெறும் காவல் தெய்வத்துக்கு ஒரு சிறு சன்னதியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏழு நிலைக் கோபுரத்தோடு ஒரு முழு ஆலயத்தை எழுப்பியதை இதனோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். போர்க்கலை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும். மதிலுக்கு மேலே தலையை நீட்டும் கட்டடம் எதிரியின் பீரங்கிக்குக் குறி சொல்லிக் கொடுக்கும் அல்லவா? அதைத் தெரிந்தேதான் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தொலைவிலிருந்து வருபவனுக்கு முதலில் தெரிய வேண்டியது மதில் அல்ல, கோபுரம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

கோபுரத்தின் கட்டுமான முறை நாயக்கர் காலத்துக் கோபுரங்கள் பலவற்றிலும் காணும் முறையே. அடிப்பகுதியும் வாயிலும் முழுக்கக் கருங்கல். அதற்கு மேலே நிலைகள் யாவும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டி, சுதை வேலையால் முடிக்கப்பட்டவை. மேலே போகப் போகக் கல்லின் பாரம் கூடாது என்பதற்காகவே இப்படிக் கட்டினார்கள். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சிறுத்துக்கொண்டே போய், உச்சியில் வண்டிக் கூண்டு போன்ற சிகரத்தில் முடிந்து, அதன் முதுகில் கலசங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். பெரிய கோபுரம் என்றாலே ஐந்து வண்ணத்தில் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று நம் ஊர்களில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. இந்தக் கோபுரம் நான் பார்த்தவரையில் வெளிர்நிறத்திலேயே இருந்துவந்திருக்கிறது. அதனால்தான் நிலைகளுக்கு இடையே விழும் நிழல் தெளிவாகத் தெரிகிறது. வண்ணம் பூசியிருந்தால் அந்த நிழலை நாம் இழந்திருப்போம். கோபுரம் தெற்கு நோக்கியது என்பதால், சூரியன் தென்புறமாகச் சாய்ந்து செல்லும் மார்கழி, தை மாதங்களில்தான் அதன் முகத்தில் நாள் முழுவதும் வெயில் படும். படம் எடுப்பதில் ஆர்வமுள்ளவர்கள் அந்த மாதங்களில் வருவது நல்லது. சித்திரை வெயிலில் வந்தால் கோபுரம் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். எங்கள் ஊரை வெயிலூர் என்று மற்றவர்கள் கேலி செய்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

தக்காணத்துச் சுல்தான்களிடம் தோற்ற தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரத்தார் பெனுகொண்டா, சந்திரகிரி என்று தலைநகரை மாற்றிக்கொண்டே வந்து, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொம்ம நாயக்கரின் மகன் லிங்கம நாயக்கரை வென்று இந்தக் கோட்டையில் குடியேறினார்கள். ராயவேலூர் என்று பெரியவர்கள் சொல்லுவது அந்த ராயர்களை நினைத்துத்தான். 1614-இல் இரண்டாம் வேங்கடபதி ராயர் இறந்த பிறகு இந்தக் கோட்டைக்குள் நடந்த அரியணைச் சண்டை கேட்பவர் மனத்தை உலுக்கக்கூடியது. புதிய அரசர் ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் எதிர்க்கட்சிப் பிரபு ஜக்கராயன் சிறைவைத்துக் கொன்றான். ஒரே ஒரு சிறுவன் மட்டும் வண்ணானின் துணிமூட்டைக்குள் ஒளித்து வெளியே கடத்தப்பட்டுத் தப்பினான். ஸ்ரீரங்கர் பக்கம் நின்ற தளபதி யாசம நாயக்கர் செய்த ஏற்பாடு அது. அந்தச் சிறுவன்தான் பின்னால் ராமதேவராயர் என்ற பெயரில் அரியணை ஏறினான். பிறகு பீஜப்பூர் சுல்தானியத்தின் கையில் இருந்த கோட்டையை, பதினான்கு மாத முற்றுகைக்குப் பின் 1678-இல் மராட்டியர் பிடித்தார்கள். 1708-இல் மொகலாயத் தளபதி தாவூத் கான் பிடித்தார். 1742-இல் ஆற்காட்டு நவாப் சப்தர் அலி இவ்வூரில்தான் தம் மைத்துனர் முர்தசா அலியின் சதியால் கொல்லப்பட்டார். அதன் பின் ஆங்கிலேயர். 1780 முதல் 1782 வரை ஐதர் அலியின் முற்றுகை. அதையும் கோட்டை தாங்கியது.

இத்தனை கைமாற்றங்களில் கோயில் என்ன ஆயிற்று என்பதுதான் நம் கேள்வி. பூசை நின்றது. லிங்கம் கோட்டையை விட்டு வெளியேறி, ஊருக்குக் கிழக்கே சத்துவாச்சாரியில் உள்ள விநாயகர் கோயிலில் பாதுகாக்கப்பட்டது. அந்தக் கோயில் இன்றும் ஜலகண்ட விநாயகர் கோயில் என்றே வழங்குகிறது. வெறுமையாகிவிட்ட ஆலயத்துக்கு உயர்ந்த மதிலும் கனத்த கதவும் இருந்தன. பட்டாளத்துக்கு வேண்டியதும் அதுதான். ஆயுதக் கிடங்காக அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கோபுரம் இடிபடாமல் தப்பியதற்கு பக்தி காரணம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நல்ல கிடங்கை யாரும் இடிப்பதில்லை என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் நடந்த சிப்பாய்ப் புரட்சியும் இந்த மதில்களுக்குள்தான் நிகழ்ந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் சேர்த்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணைகள் இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒருசேரப் புண்படுத்தின. 1799-இல் சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் இந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதால், பழைய ஆட்சியின் நினைவும் சிப்பாய்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். மைசூரின் கொடி கோட்டையில் ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்து, வாயிலைப் பீரங்கியால் தகர்த்து, அன்று நண்பகலுக்கு முன்பே கோட்டையை மீட்டார். அதன்பின் நடந்தது பழிவாங்கல். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் இதன் காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1857-க்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்த இந்த எழுச்சிக்குக் கோட்டைக்கு வெளியே மக்கான் பகுதியில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. பேருந்துகளும் ஆட்டோக்களும் சுற்றிப்போகும் அந்தத் தூணை நின்று படிப்பவர்கள் குறைவு.

கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனும் இந்தக் கோட்டையில் சிறையிருந்தவன்தான். 1816-இல் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்தான். அவன் சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கு உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. வெளியூர்க்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்யச் சொன்னதா, நாங்களே அலுத்துப்போய்ச் சொல்லிக்கொண்டதா என்று பிரித்தறிய முடியாதபடி எல்லோர் வாயிலும் புழங்கிய வரிகள் அவை. இவற்றில் முதல் வரிக்கு 1981-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் முடிவு வந்தது. கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த நினைவுச்சின்னம். அதில் மீண்டும் வழிபாடு தொடங்குவதை அத்துறை ஏற்கவில்லை. ஊர் மக்கள் நெடுங்காலம் கேட்டுப் பார்த்து, கடைசியில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கருவறையில் நிறுவிவிட்டார்கள். என் பெரியப்பா அப்போது லாங் பஜாரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டுக் கடையில் பாதிப்பேர் செருப்பைக்கூட மாட்டாமல் கோட்டைக்கு ஓடினார்கள் என்பார். "அந்தப் பழமொழியில ஒரு வரியை அடிச்சுட்டாங்கடா, மிச்ச மூணும் அப்படியேதான் இருக்கு" என்று அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாலாறு பெருக்கெடுக்கும் அபூர்வமான ஆண்டுகளில் இன்னொரு வரியையும் தற்காலிகமாக அடித்துவிடலாம். நிரந்தரமாக அடிப்பதற்கு அரசாங்கங்கள்தான் மனம்வைக்க வேண்டும்.

இன்று கோயில் நிர்வாகத்தை ஜலகண்டேஸ்வரர் தரும ஸ்தாபனம் கவனிக்கிறது. கட்டடம் தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னமாகவே தொடர்கிறது. இந்த இரட்டை நிலையை அலங்கோலம் என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணெய் படாமல் சிற்பத்தைக் காப்பது ஒரு தரப்பின் கடமை. விளக்கேற்றுவது மற்றத் தரப்பின் உரிமை. இரண்டும் ஒரே தூணில் சந்திக்கும்போது உரசல் வரத்தான் செய்யும். ஆனால் பார்க்க வருபவனுக்கு இந்த உரசலால் ஒரு நன்மை விளைந்திருக்கிறது என்பது என் எண்ணம். பூசை இருப்பதால் கோயில் உயிரோடு இருக்கிறது. தொல்லியல் துறை இருப்பதால் பளிங்கு ஓடும் எவர்சில்வர் தடுப்பும் தகரக் கொட்டகையும் எல்லை மீறி வளரவில்லை. இப்படி இரண்டும் அமைந்த பெரிய கோயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோபுர வாயிலைக் கடந்ததும் அவசரப்பட்டுக் கருவறையை நோக்கி நடக்காதீர்கள். இடப்பக்கம் கல்யாண மண்டபம் இருக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் கழுத்தைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு கண்மட்டத்தில் பார்க்க வேண்டிய இடம் இது. முன்வரிசைத் தூண்களில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் யாளிகளும் குதிரை வீரர்களும் தூணோடு ஒரே கல்லாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கடிவாளத்தின் மடிப்பு, வீரனின் இடைக்கச்சை, குதிரையின் காலடியில் போராடும் ஆட்கள் என ஒரு தூணுக்கே கால்மணி நேரம் போய்விடும். மேலே கொடுங்கையை, அதாவது கூரையின் வளைந்த வெளிவிளிம்பைப் பாருங்கள். மரச்சட்டங்களை வளைத்து வைத்தது போலவே கருங்கல்லை இழைத்திருக்கிறார்கள். உட்கூரையின் நடுவில் விரிந்த தாமரையும் அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளும் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்து வந்தால், ஒரே தலையை யானைக்கும் காளைக்கும் பொதுவாக வைத்துச் செதுக்கிய ரிஷபகுஞ்சரச் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. பெரியவர்கள் நிம்மதியாகச் சிற்பம் பார்க்க அதைவிட நல்ல உபாயம் இல்லை.

இந்த மண்டபத்தைத் தூண் தூணாகப் பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஆங்கிலேயர் திட்டமிட்டார்கள் என்றும், அதற்கென வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் திட்டம் கைவிடப்பட்டது என்றும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. வழிகாட்டிகள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். அதைச் சொல்லி முடித்ததும் பலர் மண்டபத்தைப் பார்க்காமலேயே நகர்ந்துவிடுகிறார்கள். கப்பல் கதையைவிட, அந்தக் கதை பிறக்கும் அளவுக்கு அழகாக இருக்கும் கல்தான் நம் எதிரில் நிற்கிறது.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் சொல்வது இதுதான். காலையில் வெயில் ஏறுமுன் முதலில் அகழியின் வெளிக்கரையில் சிறிது தூரம் நடக்க வேண்டும். அங்கிருந்து பார்க்கும்போது கோபுரத்தின் மேல்நிலைகள் மட்டுமே மதிலுக்கு மேலே தெரியும். அந்த அரைத் தரிசனம் அவசியம், ஏனென்றால் கோட்டைக்கும் கோபுரத்துக்கும் உள்ள உறவு அங்கேதான் புரியும். பிறகு கோட்டைக்குள் நுழைந்து, மதில்மேல் நடக்க அனுமதிக்கும் பகுதியில் ஏறி, இரட்டை மதிலின் தடிமனையும், சாந்து தெரியாமல் பொருத்திய கல்லின் நேர்த்தியையும் பார்க்கலாம். அதன் பின்னரே கோயில். நண்பகலில் நடை சாத்தும் வழக்கம் உண்டு என்பதால் பத்து மணிக்குள் கோயிலுக்குள் இருப்பது நல்லது. தவிர, வெயில் ஏறிவிட்டால் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது தனி விரதம். தரிசனம் முடித்து, அகிலாண்டேஸ்வரி அம்மனையும் வணங்கி வெளியே வந்தால், நிழலுக்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. தேவாலயத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட வேண்டும்; கோபுரத்தைப் பார்த்த கண்ணோடு அதன் எளிய சுவரைப் பார்ப்பதில் ஒரு சுவை இருக்கிறது.

மாலையில் கோட்டை வேறு முகம் காட்டும். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், கிரிக்கெட் ஆடும் பையன்கள், சுண்டலும் மாங்காய்ப் பத்தையும் விற்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று வெளிமைதானம் நிறைந்துவிடும். ஊர்க்காரர்களுக்குக் கோட்டை என்றால் இதுதான். பிளாஸ்டிக் குப்பையை அகழியில் எறிபவர்களும் இதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் வெட்டிய அகழியில் இன்றும் நீர் நிற்கும் கோட்டைகள் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பாட்டிலை எறியக் கை வராது.

கையில் இன்னும் அரை நாள் இருந்தால் பெங்களூர் சாலையில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்வருவது நல்லது. அங்கே நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. மதிலும் பெயர் பெற்றது. கல்யாண மண்டபத் தூண்களில் வேலூர்ச் சிற்பிகளுக்கு உறவுக்காரர்கள் போன்றவர்களின் கை தெரியும். ஒரே நாளில் இரண்டு மண்டபங்களையும் பார்த்தவர்கள் வீடு திரும்பும் வழியில் எது அழகு என்று சண்டை போட்டுக்கொள்வது வழக்கம். நான் வேலூர்க் கட்சி; என் மனைவிக்கு விரிஞ்சிபுரம் சொந்த ஊர் என்பதால் இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.